திரும்பாத உள்ளங்கை

மாரியம்மன் கோயிலில் பூசாரி போட்ட திருநீறு பாப்பாவின் கையில் நிற்காமல் மண்ணில் சிந்தியபோது இருளாயி குனிந்து அதை விரலால் கூட்டி எடுத்தாள். எட்டு வயது மகள் வலக்கையைத்தான் நீட்டினாள். உள்ளங்கை மேலே திரும்ப மாட்டேன் என்றது. இடக்கையில் திருநீறு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?

யாரை நோவது? தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் விழுந்து முன்கை முறிந்த பிள்ளைக்கு நாட்டு வைத்தியர் சன்னாசி மூங்கில் பத்தை வைத்து ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பெண்பிள்ளை எண்ணெய் முழுகாமல் இருப்பதாவது என்று கட்டை அவிழ்த்தவள் இருளாயி. அடுத்த வெள்ளியும் அவிழ்த்தாள். எலும்பு நழுவி, கோணலாகக் கூடிக்கொண்டது.

ஈப்போ பட்டணத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் கஸ்பார் தமிழில் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குக்கா. மயக்கம் குடுத்து, வெளியில இருந்தே ஒடச்சு நேராக்கி மாவுக்கட்டு போடலாம். ஆனா எலும்பு இறுகிப் போச்சு, மறுபடி கோணிக்கும். இல்லன்னா சதையத் தொறந்து, எலும்புல தகடு வச்சு முடுக்கணும். கை நல்லா திரும்பும். சீழ் வச்சா கையே போயிரும் லா."

'கத்தி மட்டும் வேண்டாம், அப்புறம் யாரு கட்டிக்குவா' என்று சொல்லிவிட்டுத்தான் புருஷன் மாயாண்டி தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். இருளாயி வராந்தாவில் உட்காருவாள், எழுவாள், தூணைச் சுற்றுவாள். கோணல் கையோடு காலம் தள்ளலாம், கையே இல்லாவிட்டால்? ஆனால் மண்ணில் சிந்திய அந்தத் திருநீறு கண்ணை விட்டுப் போகவில்லை.

"தொறக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள்.

ஆப்பரேஷனுக்குப் பிறகு வந்த நாட்களில் அவளுக்குத் தூக்கம் ஏது? பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காய்ச்சல் பார்த்தாள். மாவுக்கட்டுக்குக் கீழே தெரியும் விரல்களை முகர்ந்து பார்த்தாள். வெள்ளிக்கிழமை வந்தது.

"ஆத்தா, அரிக்குது, கொஞ்சம் அவுத்து வுடு" என்று பாப்பா அழுதாள்.

தலை எண்ணெய் காணாமல் சிக்குப் பிடித்துக் கிடந்தது. இருளாயி தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்தடுத்த வெள்ளிகளிலும் அப்படியே.

கட்டைப் பிரித்த அன்று முந்தானை முடிச்சில் கோயில் திருநீறு கொண்டு வந்திருந்தாள். மெலிந்த கையில் நீளமாகத் தழும்பு. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் திருப்பினாள். மெல்ல மெல்ல உள்ளங்கை மேலே பார்த்தது.

இருளாயி திருநீற்றை எடுத்துப் போட்டாள். பாதி தரையில் சிந்தியது.

"ஆத்தா, என் கை நேராத்தான் இருக்கு" என்றாள் பாப்பா. "ஒங் கைதான் ஆடுது."