வளையத்தில் நிற்காத தக்காளி

எல்லையில் வரியை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது ஊரே கைதட்டியது. இனி நம் சரக்கு அங்கே போகும், அவர்கள் சரக்கு இங்கே வரும் என்றார்கள். வந்தது. போகத்தான் இல்லை. சந்தை முழுக்க அந்த நாட்டுத் தக்காளி, எல்லாம் ஒரே அச்சு. எங்கள் ஊர்க் கொள்முதல் கூடத்திலும் அதே அளவு கேட்டு ஓர் இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டார்கள். அதற்குள் நுழைந்து விழுகிற காய் வேண்டாமாம். அண்ணன் தோட்டத்துக் காய் பாதிக்கு மேல் விழுந்தது.

அண்ணி சுற்றி வளைத்துப் பேசமாட்டாள். "இந்தப் பறிப்பையும் திருப்பி அனுப்பிட்டா, நான் அந்த நாட்டுக்கே தக்காளி பறிக்கப் போறேன். ஏஜென்ட்கிட்ட சொல்லியாச்சு" என்றாள்.

போகாதே என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில், பறிப்புக்கு முந்தின நாள் யாருக்கும் தெரியாமல் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டான். பழுக்கிற சமயத்தில் தண்ணீர் காட்டினால் தோல் வெடிக்கும் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அவனுக்கா தெரியாது? ஒரு சுற்றுப் பருத்தால் போதும், அவள் போகமாட்டாள் என்று நினைத்திருக்கிறான், பாவி.

பருத்தது. காலையில் பழத்தைக் கையில் உருட்டிப் பார்த்து அண்ணி சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. கூடத்து வாசலில் வெயிலில் காத்திருந்தபோதே ஒவ்வொன்றாக வெடிக்க ஆரம்பித்தது. எங்கள் முறை வந்தபோது பெட்டிகளிலிருந்து சாறு ஒழுகியது. வண்டியைத் திருப்பச் சொல்லிவிட்டார்கள்.

"தண்ணி விட்டீங்களா?" என்றாள் அண்ணி.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திட்டவில்லை. துண்டை எடுத்து அவன் கையில் வழிந்த சாற்றைத் துடைத்துவிட்டாள். அடுத்த வாரமே கிளம்பிப் போனாள்.

இப்போது அண்ணன் வாரா வாரம் கடைக்குப் போய் அந்த நாட்டுத் தக்காளி ஒன்றே ஒன்று வாங்கி வருகிறான். முதல் தடவை எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நம்ம குடி கெட்டதே இதாலதான். இதைப் போய்க் காசு குடுத்து வாங்கிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அவ பறிச்சதா இருக்கும்ல?"

கடையில் இதைப்போல மலையாய்க் குவிந்து கிடக்கிறதே என்று சொல்ல வந்தேன். அதை நறுக்க எடுத்த கத்தியைக் கீழே வைத்தேன்.

இன்று வாங்கி வந்ததையும் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். போன வாரத்துப் பழம் பக்கத்திலேயே இருக்கிறது, இன்னும் வாடவில்லை.