ஊசி எட்டாத மூலை

பொன்னையாவின் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று ரத்தம் சொன்னது. அது இருக்கிற இடத்தை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை. புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய பி.எஸ்.ஏ. அளவு அவருக்குப் பரிசோதனைக்குப் பரிசோதனை ஏறிக்கொண்டே போனது. இரண்டு தடவை ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு தடவையும் சுத்தம் என்றே பதில் வந்தது. வலியும் இல்லை, மூத்திரத் தடையும் இல்லை. ஆனாலும் தேடுகிறவர்கள் வரும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு ஒளிகிற ஒன்றைத் தனக்குள் சுமந்து திரிவதாக அவருக்குத் தோன்றியது.

இனிப் போதும் என்று மனைவி விஜயலெட்சுமியிடம் சொன்னார். அவள் கேட்கவில்லை. மறுபடியும் பதுளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஜுமானா பொறுமையாக விளக்கினார். ஊசி பின்பக்கமாகப் போவதால் சுரப்பியின் முன்மூலை அதற்கு எட்டாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் அந்த மூலையும் தெரியும் என்றார். அதற்குக் குழாய் மாதிரி ஒரு மெஷினுக்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றதும் பொன்னையாவின் முகம் வெளிறியது. காரணம் டாக்டருக்குத் தெரியாது. விஜயலெட்சுமிக்குத் தெரியும்.

சில வருஷங்களுக்கு முன், மீரியபெத்த தேயிலைத் தோட்டத்தில் மலை சரிந்த காலையில் அவர் தேயிலை ஃபேக்டரியில் இரவு வேலை முடித்து வந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தன் அறையில் படுத்திருந்தார். விஜயலெட்சுமி கொழுந்தெடுக்கப் போயிருந்தாள். கூரையும் மண்ணும் ஒன்றாக வந்து மூடின. சாய்ந்த சுவருக்கும் தரைக்கும் நடுவே ஓர் ஆள் கிடக்கிற அளவு இடம் மிஞ்சியது. அந்த இருட்டில் சுவரின் மறுபக்கத்திலிருந்து தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, பிறகு ஒன்று. பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமிதான். இவரும் திருப்பித் தட்டினார். அவள் தட்ட, இவர் தட்ட, நெடுநேரம் போனது. பிறகு இவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். இவரை வெளியே எடுத்தார்கள். அவளை எடுக்கவே முடியவில்லை.

ஸ்கேன் எடுக்கும் ஜௌபர், மோதிரத்தையும் இடுப்புத் தாயத்தையும் கழற்றச் சொன்னார். காதில் ஹெட்போன் மாட்டி, கைகளை நெஞ்சின்மேல் வைத்துப் பட்டியால் கட்டினார். முடியாவிட்டால் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, அசைந்தால் படம் கலங்கிவிடும் என்று எச்சரித்தார்.

பலகை உள்ளே போனது. முகத்துக்கு ஒரு சாண் மேலே வெள்ளைச் சுவர். மெஷின் இரைந்தது, கொட்டியது, ஓய்ந்தது, மறுபடி வேறு விதமாகக் கொட்டியது. அப்படி ஓய்ந்த ஓர் இடைவெளியில் தலைமாட்டிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து ஒன்று.

மெஷின்தான் என்று நினைத்துக்கொண்டார். மறுபடியும் கேட்டது.

ஹெட்போனில் ஜௌபரின் குரல் வந்தது. "ஐயா, தட்டாதீங்க. அடுத்தது முன்பக்கத்துப் படம். ஆடினா ஒண்ணும் விளங்காது."

"நான் தட்டலீங்க, தம்பி."

"சரி. அப்பிடியே இருங்க." குரல் மாறியிருந்தது.

தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. அவசரமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி மட்டும் வந்துகொண்டிருந்தது. பொன்னையாவின் விரல் நுனி துடித்தது. பட்டிக்குள் அந்த ஒரு விரலை அசைத்திருக்கலாம். அவர் அசைக்கவில்லை. திரும்பவும் இதற்குள் வர நேருமே என்ற பயமா, பிழைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையா, அவருக்கே தெரியவில்லை. மெஷின் மறுபடி இரைந்து, அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது. அது ஓய்ந்தபோது ஒன்றுமே கேட்கவில்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது பார்த்தார். ஜௌபர் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார். அங்கே வெறும் சுவர்தான்.

படம் துல்லியமாக வந்திருந்தது. சுரப்பியின் முன்மூலையில், கரிக்கோட்டை விரலால் அழித்த மாதிரி ஒரு கறுப்புத் தீற்றல். அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி விட்டபோது புற்றுநோய் என்பது உறுதியானது. நல்லவேளை, வெளியே பரவியிருக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து ரத்தத்தில் பி.எஸ்.ஏ. தென்படவே இல்லை. இனி ஸ்கேன் தேவையில்லை, ரத்தம் மட்டும் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். விஜயலெட்சுமி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பொன்னையா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒரே ஒரு தடவ அந்த மெஷின்ல படுக்க முடியாதாங்க?"

நோய் திரும்பிவிடுமோ என்று பயப்படுகிறார் என நினைத்து டாக்டர் தைரியம் சொல்லி அனுப்பினார்.

ஊருக்குத் திரும்பும் பஸ் பண்டாரவளையைத் தாண்டியது. பொன்னையாதான் பேச்சை எடுத்தார்.

"பதில் குடுக்காம வந்துட்டேன், புள்ள."

"யாருக்குங்க?"

அவர் பாக்கியலெட்சுமியின் பெயரைச் சொன்னார். மலை சரிந்த பிறகு கிடைத்த புது வீட்டுக்குப் போகிற வளைவில் இறங்கும்வரை அவள் அவர் கையை விடவில்லை.