அச்சில் வந்த சாவு

டோனர் பெட்டியைக் கழற்றி, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இடமும் வலமுமாக நாலு தடவை ஆட்டி, மறுபடி பிரிண்டருக்குள் சொருகினாள் மல்லிகா. வாசல் பெஞ்சில் அவள் அப்பா ஐயாக்கண்ணு மாலையோடு படுத்திருந்தார்.

தாள் வெளியே வந்தது. 'ஐயாக்கண்ணு அவர்கள் இன்று காலை' என்பது வரைக்கும் பளிச்சென்று இருந்தது. அதற்குமேல் வெள்ளைத் திட்டு. 'காலமானார்' இல்லை.

"உங்கொப்பன் இன்னும் ஒத்துக்கலையாட்ட இருக்குது," என்றாள் வீராயி அத்தை.

நோட்டீஸ் வராமல் பிணத்தை எடுக்க முடியாது. ஐயாக்கண்ணு இதற்கு முன்பே இரண்டு தடவை இறந்தவர். முதல் தடவை, எஸ்டேட்டில் லீவு கிடைக்காதபோது. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் மாலையோடு வந்து இறங்க, வாசலில் நின்று வரவேற்றது ஐயாக்கண்ணுதான். வாங்கி வந்த மாலை வீணாகக் கூடாதென்று அவரே கழுத்தையும் நீட்டினார். இரண்டாவது தடவை, செம்மநத்தத்து அண்ணன் சித்தன் தன்னைப் பார்க்க வருவதேயில்லை என்று. சாவுச் செய்தியைத் தன் கையாலேயே எழுதி ஜீப்பில் கொடுத்தனுப்பினார். சித்தன் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்து சேர்ந்தபோது, தம்பி பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். "வந்தியாண்ணா, உக்காரு. நல்ல சுளை," என்றார். அன்றைக்குத் திரும்பிப் போனவர்தான். ஒன்பது வருஷமாயிற்று.

இன்று விடிந்ததும் மல்லிகாவின் புருஷன் கோவிந்தராஜ் மொபெட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். சித்தன் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் இது: "வாய்ச்சொல்லும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். அச்சுல வரட்டும், பார்க்கலாம்." சித்தன் கிளம்பாமல் செம்மநத்தத்தில் ஒரு ஆடுகூடக் கிளம்பாது. மூன்று மணிக்கு எடுத்தாக வேண்டும். இப்போது மணி பதினொன்று.

வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துப் பள்ளிக்கூடக் கேள்வித்தாள் அடித்துக் கொடுப்பவள் மல்லிகா. அவளுக்கே இது அவமானமாக இருந்தது. அடுத்த தாளில் 'காலமானார்' வந்தது, 'ஐயாக்கண்ணு' போய்விட்டது.

"இதைக் கொண்டுபோனா, யாருடா செத்ததுன்னு பெரிய மாமா கேப்பாரு," என்றான் கோவிந்தராஜ்.

புது டோனர் போட்டாள். இந்தத் தடவை எல்லா எழுத்தும் வந்தது. தொட்டால் கட்டைவிரலோடு வந்தது.

"டிரம்முதான் கெட்டுப்போச்சாட்ட இருக்குது," என்று முணுமுணுத்தாள்.

பிரிண்டருக்குள்ளும் ஒரு டிரம் உருளுகிறது என்பது வீராயிக்குத் தெரியாது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள். "ஏப்பா மாதேஸ்வரா, உங்க டிரம்மு கெட்டுப்போச்சாமா. படிச்ச புள்ள சொல்லுது. எங்கண்ணனை இப்படித்தான் அனுப்பி வெப்பீங்களா?"

தப்படிக்கிற மாதேஸ்வரன், தப்பைத் தோளில் மாட்டியபடியே உள்ளே வந்து பிரிண்டர் முன்னால் நின்றார்.

"ஏனுங்கம்மிணி, முப்பது வருசமா அடிக்கறேனுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க, செத்தவங்களையும் சேத்துத்தான் சொல்றேன்."

"ஐயோ, உங்களை இல்லீங்க. இந்த மிசினை..."

"இந்தப் பனியில எதுவுமே அப்படித்தானுங்க. ஈரத்தைக் குடிச்சுப்போட்டுத் தொப்புத் தொப்புன்னுதான் கிடக்கும். நெருப்புல ரெண்டு நிமிசம் காட்டுனா நொம்ப நல்லாப் பேசும்."

மல்லிகா அவரைப் பார்த்தாள். பிறகு தட்டிலிருந்த தாளைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து உதறினாள். சலசலப்பே இல்லை. நனைந்த துண்டுபோலத் தொங்கியது. மூன்று நாளாக ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துபோய்க்கொண்டிருந்தது.

வைக்கோல் நெருப்பின் ஒரு பக்கம் தப்பு காய்ந்தது. மறுபக்கம் மல்லிகா தாள்களை விசிறிபோல் விரித்துப் பிடித்தாள். மாதேஸ்வரன் அதில் ஒன்றை உருவிக் காதருகே வைத்து, விரலால் சுண்டினார்.

"இன்னும் கொஞ்சமுங்க."

மறுபடி சுண்டினார். "இப்ப சுதி சேந்துருச்சுங்க."

சேர்ந்துதான் இருந்தது. காய்ந்த தாளில் அடித்தபோது, கறுப்புக் கரையிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒன்றும் விடுபடவில்லை. வீராயி எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தாள். ஐயாக்கண்ணு அசையவில்லை. பத்துத் தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, கோவிந்தராஜ் மொபெட்டை உதைத்தான்.

இரண்டே முக்காலுக்கு இரண்டு ஜீப்புகள் வந்து நின்றன. முன் ஜீப்பிலிருந்து குரங்குக் குல்லாயும் கையில் நோட்டீசுமாகச் சித்தன் இறங்கினார். தப்புச் சத்தம் நின்றது. அவர் நோட்டீசைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பெஞ்சுப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு நிமிஷம் ஆனது.

"டேய்," என்றார் மெதுவாக.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் குல்லாயைக் கழற்றித் தம்பியின் தலையில் மாட்டி, இரண்டு காதும் மறைகிற மாதிரி நன்றாக இழுத்துவிட்டார். அவருடைய மொட்டைத் தலையில் பனி பொடிப்பொடியாக இறங்கத் தொடங்கியது.