குவினைத் திரும்ப இறக்க முடியாது

பஸ்ரியனின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்தவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகும் மூன்று பேர் எழும்பாமல் இருந்தார்கள். அலெக்ஸாண்டர், இராஜரட்ணம், றிச்சர்ட். மூவரும் பஸ்ரியனின் சனிக்கிழமை விளையாட்டுக் கூட்டாளிகள். அவருடைய மனைவி அன்ரனெற் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தபோது அலெக்ஸாண்டர் தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, நாங்கள் மூண்டு பேரும் ஒரு முடிவெடுத்திருக்கிறம். இந்த வருசம் முதலாமிடம் பஸ்ரியனுக்கு. மிச்ச ஆட்டமெல்லாம் ரொறன்ரோ வெண்டதாப் போடப்போறம்."

"விளையாடாமலோ?"

"ரொறன்ரோவை விளையாட இனி ஆர் இருக்கினம்?"

"ஒரு மரியாதைக்குத்தான்," என்று றிச்சர்ட் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

இந்த விளையாட்டு தொடங்கிய கதை அன்ரனெற்றுக்குத் தெரியும். ரொறன்ரோ நகரின் டோர்செட் பார்க்கில் அவர்கள் எல்லோரும் ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானம் கீழ்த்தளப் பொது அறையில் நால்வரும் கூடி முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவார்கள். ஒஷாவாவில் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்த பஸ்ரியன், ஒருநாள் திரும்பி வரும் வழியில் யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் விற்பனைக்கு வைத்திருந்த பெட்டியொன்றை வாங்கிக்கொண்டு வந்தார். சீட்டுக்கட்டு என்றுதான் நினைத்தார். திறந்தால், ஐம்பதுகளில் விளையாடிய பேஸ்போல்காரர்கள். ஆளுக்கொரு அட்டை. அந்த வருசம் அவர் எப்படி அடித்தார், எப்படி எறிந்தார் என்பதெல்லாம் அதில் எண்களாக இருந்தன. பகடையை உருட்டி, விழுந்த எண்ணை அட்டையில் பார்த்தால் அடியா, ஆட்டமிழப்பா என்று தெரியும். பகடை அதிர்ஷ்டம். ஆனால் யாரை இறக்குவது, யாரை எறியவிடுவது, எப்போது மாற்றுவது என்பதெல்லாம் அணியை நடத்துகிறவரின் மூளை.

கிரிக்கெட் தவிர வேறொன்றும் தெரியாமல் வளர்ந்த நாலு பேருக்கு அதில் பைத்தியம் பிடித்தது. இப்போது இடமே தெரியாமல் போய்விட்ட ஏரிக்கரை மைதானத்தில் அந்தக் காலத்தில் விளையாடிய ரொறன்ரோ அணியைப் பஸ்ரியன் எடுத்துக்கொண்டார். அலெக்ஸாண்டருக்கு ரொச்செஸ்ரர், இராஜரட்ணத்துக்கு மொன்றியல், றிச்சர்ட்டுக்கு பஃபலோ. பனி கரையும்போது தொடங்கி இலை உதிரும்போது முடியும் ஒரு முழுப் பருவம். வருசா வருசம் பஸ்ரியன் இரண்டாவதாகவே வந்தார்.

சமையலறையில் அந்த ஆட்களின் பெயர்கள் உறவினர்களின் பெயர்களைப்போல அடிபட்டன. "குவினுக்குத் தோள் சரியில்லை" என்று பஸ்ரியன் ஒருநாள் கவலையோடு சொன்னார். களஞ்சியத்தில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் யாரோ என்று நினைத்து, அன்ரனெற் அன்று பின்னேரச் செபமாலையில் குவினுடைய தோளுக்காக பத்து மணிக் காரணிக்கம் ஒன்றை ஒப்புக்கொடுத்தாள். பஸ்ரியன் சிரிப்பை அடக்க முடியாமல் எழும்பி வெளியே போய்விட்டார்.

இப்போது அவள் எடுத்த கோப்பைகளைத் திரும்பவும் மேசையில் வைத்தாள்.

"செத்த மனுசனுக்குக் களவு வெற்றி வேண்டாம், அண்ணை. ரொறன்ரோவை நான் பாக்கிறன்."

அடுத்த சனிக்கிழமையே கீழே இறங்கிப் போய்ப் பஸ்ரியனின் கதிரையில் உட்கார்ந்தாள். பேக்கரி வேலையில் சனிக்கிழமை அவளுக்கு லீவு. விளையாட்டு அவர்கள் நினைத்ததைவிடச் சுறுக்காகப் பிடிபட்டது. பல வருசமாகக் காதில் விழுந்ததெல்லாம் எங்கேயோ தங்கியிருந்திருக்க வேண்டும். அவள் வென்றாள். திரும்பவும் வென்றாள். கோடை முடிவதற்குள் அந்த வெற்றிகளில் ஏதோ உப்பில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

இராஜரட்ணம் அவளோடு விளையாடும் நாட்களில் மட்டும் தன்னுடைய ஆக மோசமான பிட்சரை எறியவிட்டார். றிச்சர்ட் ஓட வேண்டிய இடத்தில் ஓடாமல், மறந்துபோனேன் என்றார். அலெக்ஸாண்டர் அவளோடு பேசும்போதெல்லாம் ஆஸ்பத்திரி நடைபாதையில் பேசுவது போன்ற ஒரு தணிந்த குரலில் பேசினார். முன்பெல்லாம் பஸ்ரியனோடு அவர் பேசும் சத்தம் மேல்மாடிக்குக் கேட்கும்.

கடைசிச் சனிக்கிழமை வந்தபோது ரொறன்ரோவும் ரொச்செஸ்ரரும் சமனாக நின்றன. அன்று வெல்கிறவருக்கே முதலாமிடம். அலெக்ஸாண்டர் தன் ஆட்களின் அட்டைகளை வரிசையாக அடுக்கினார். அவரிடமிருந்த பெரிய அடிகாரனான கராவே அந்த வரிசையில் இல்லை.

"கராவே எங்க, அண்ணை?"

"முழங்கால் நோ, தங்கச்சி. இருத்திப்போட்டன்."

"அட்டைக்கு முழங்கால் நோகுமோ?"

றிச்சர்ட்டுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாக முடிந்தது. அலெக்ஸாண்டர் தலை நிமிராமலே, "என்ர ஆள். நான் இருத்துவன்," என்றார். விதிப்படி அது சரிதான். தோற்றால் பஸ்ரியன் திரும்பவும் இரண்டாவது. இப்படி வென்றாலோ, பிச்சை. பூசையன்று வேண்டாமென்று சொன்ன அதே பிச்சை, சுற்றிவளைத்து மேசைக்கு வந்திருந்தது.

அவளுக்கு, ரொறன்ரோவின் ஆகச் சிறந்த பிட்சரான குவின் எறிந்தார். குவினிடம் ரொச்செஸ்ரரின் பருப்பு வேகவில்லை. ஆட்டம் முடியக் கொஞ்சம் இருக்கையில் ரொறன்ரோ ஒரு ஓட்டம் முன்னால் நின்றது. ஆனால் குவின் களைத்துவிட்டார் என்று அட்டை சொன்னது. களைத்த பிட்சருக்கு எண்கள் மோசமாகும். அன்ரனெற் அவரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பிளிஸ் என்ற சாதாரண பிட்சரை இறக்கினாள். பிளிஸ் தட்டுத்தடுமாறி ஒரு இனிங்ஸைச் சமாளித்தார்.

"கடைசி இனிங்ஸ். குவினைத் திரும்ப இறக்கிறன்," என்று அவள் அட்டையை எடுத்தாள்.

இராஜரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏலாது, பிள்ளை. எடுத்த ஆளை எடுத்ததுதான். அந்த ஆட்டத்தில அவர் திரும்ப வரேலாது."

அன்ரனெற் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். சிறுவயதில் கோயில் வளவில் அண்ணன்மார் கிரிக்கெட் விளையாடுவதைப் பார்த்திருக்கிறாள். வேகப் பந்து போடுகிறவன் முதலில் போடுவான், பிறகு நிழலில் போய் நிற்பான், கடைசி ஆட்களைச் சுருட்டத் திரும்பி வருவான். பந்து போடுகிறவனை எடுப்பதே திரும்பக் கொண்டுவரத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். இந்த மூன்று பேரும் விட்டுக்கொடுத்து விளையாடியதால் குவினை இதற்கு முன் எடுக்க வேண்டியே வரவில்லை.

"கிரிக்கெட் மூளை," என்றார் றிச்சர்ட். "முதல் வருசம் நாங்கள் எல்லாரும் உந்தக் கிடங்கில விழுந்தனாங்கள். பஸ்ரியன் விழுந்துபோட்டு ஒரு மாசம் எங்களோட கதைக்கேல்லை."

"சரி, விடுங்கோ," என்று அலெக்ஸாண்டர் கையை அசைத்தார். "தெரியாமச் செய்தது. குவின் வரட்டும்."

"இவருக்கும் அப்பிடி விட்டனீங்களோ?"

"ஆருக்கு?"

"பஸ்ரியனுக்கு."

அலெக்ஸாண்டர் மற்ற இருவரையும் பார்த்தார். "இல்லை."

"அப்ப எனக்கும் வேண்டாம். பிளிஸ் எறியட்டும். நீங்களும் கராவேயை இறக்குங்கோ. இவ்வளவு நேரத்துக்கு முழங்கால் நோ மாறியிருக்கும்."

அலெக்ஸாண்டர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

ரொச்செஸ்ரரின் முதல் ஆள் ஆட்டமிழந்தார்; இன்னும் இரண்டு பேர் போனால் ஆட்டம் முடிந்தது. அடுத்தவர் அடித்துவிட்டு, ஓட்டமொன்று எடுக்கத் தொட வேண்டிய நாலு பேஸ்களில் இரண்டாவதில் போய் நின்றார். அலெக்ஸாண்டர் ஓரத்திலிருந்த அட்டையை எடுத்து மேசையில் அறைந்து வைத்தார்.

"மாத்து ஆள். கராவே."

குரலில் ஆஸ்பத்திரி இல்லை. அன்ரனெற் கராவேயின் எண்களைப் பார்த்தாள். பிறகு அவருக்கு அடுத்து வரவிருந்த ஹேன்ஸின் எண்களைப் பார்த்தாள். ஹேன்ஸ் மோசமான அடிகாரர் இல்லை. ஆனால் ஓட்டத்தில் கட்டை. அவர் ஒரு பேஸுக்குப் போய்ச் சேருவதற்குள் பஸ் பிடித்து நகரத்தின் விளிம்பிலிருக்கும் மல்வேர்னுக்குப் போகலாம்.

"கராவேக்கு நான் எறியேல்லை. சும்மா முதல் பேஸுக்குப் போகச் சொல்லுங்கோ."

பேஸ்போலில் அதற்கு இடமுண்டு. பயங்கரமான அடிகாரனுக்கு வேண்டுமென்றே எட்டாத பந்துகளை எறிந்து, அவனை இலவசமாக ஒரு பேஸுக்கு அனுப்பிவிடலாம். பிறகு நிலத்தால் போகும் ஒரே பந்தில் அவனையும், ஓட்டத்தில் கட்டையான அடுத்த ஆளையும் சேர்த்தே ஆட்டமிழக்கச் செய்யலாம். அந்த மேசையில் அதை ஒருவரும் செய்ததில்லை.

"எட பிள்ளை," என்றார் றிச்சர்ட். "பஸ்ரியன் உயிர்போனாலும் உதைச் செய்யான். கோழை வேலை எண்டுவான்."

"தெரியும். அதாலதான் வருசா வருசம் ரெண்டாவதா வந்தவர்."

அடக்கம் செய்த நாளிலிருந்து அவரைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் குறை அது. சொன்னதும், சோற்றுக் கோப்பையோடு எதிரே இருந்து அவர் முறைப்பது போலிருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் எல்லோரும் அவரை ஒரு படமாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள்.

கராவே முதல் பேஸுக்குப் போனார். இரண்டு பேர் பேஸில். ஹேன்ஸ் பலமாக ஒன்று அடித்தால் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள், எல்லாம் முடிந்துவிடும். அலெக்ஸாண்டர் பகடைகளை இரண்டு கைக்குள்ளும் வைத்து நீண்டநேரம் குலுக்கினார். அன்ரனெற் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவள் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தாள்.

பகடைகள் உருண்டு நின்றன. இராஜரட்ணம் அட்டையில் விரலை வைத்து வாசித்தார்.

"நிலத்தால போன பந்து. ரெண்டாம் பேஸில கராவே அவுட்." விரலை இறக்கினார். "ஹேன்ஸ் கட்டை. முதல் பேஸில அவரும் அவுட். முடிஞ்சுது."

அலெக்ஸாண்டர் அட்டையைப் பறித்துத் தானே பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"உந்த ஹேன்ஸை அடுப்புக்குள்ள வைக்கோணும்," என்று கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "நீர் பஸ்ரியனைவிட மோசம், தெரியுமோ? அவனிட்டை எண்டாலும் கொஞ்சம் வெக்கம் இருந்தது. கராவேக்கு எறிஞ்சு பாத்திருக்கலாம்தானே? எறிஞ்சு பாத்திருக்கலாம்."

பக்கத்து அறையில் உடுப்புத் தோய்க்க வந்திருந்த பெண் ஒருத்தி கதவால் எட்டிப் பார்த்தாள்.

"ஓம், அண்ணை," என்றாள் அன்ரனெற். "எறிஞ்சிருந்தா நீங்கள் வெண்டிருப்பியள். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"எனக்கு ஒரு தேத்தண்ணியும் வேண்டாம்." போட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் அலெக்ஸாண்டர் போனார். கதவு பலமாக அடித்து மூடிக்கொண்டது.

"உண்மையாவே கோவிச்சிட்டான்," என்றார் றிச்சர்ட், எழும்பவா இருக்கவா என்று தெரியாமல். "கூப்பிட்டுச் சமாதானம் சொல்லட்டோ?"

"வேண்டாம்," என்றாள் அன்ரனெற். அவளுடைய முகம் மலர்ந்திருந்தது. "கொஞ்ச நாளைக்கு அப்பிடியே இருக்கட்டும்."