பதினோரு பாட்டில் ஓடைத் தண்ணீர்

செல்லப்பாண்டிக்கு நான்கு நாட்களாக ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் நடந்தார். வீட்டுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் அவர் நடந்த நடையில் வரப்பு அகன்றுபோய், மினி பஸ் விடலாமா என்று இரண்டு பேர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

காரணம் ஒரு பாட்டில். பண்ணைப்புரத்துக்கு மேற்கே மலையிலிருந்து இறங்கும் ஓடை, பதினோரு பேருடைய தோட்டங்களை உரசிக்கொண்டு போய்க் கண்மாயில் விழுகிறது. ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் கிணறு அந்தக் கண்மாய்க்குள்தான் இருக்கிறது. போன கோடையில் கிணற்றுத் தண்ணீர் கசந்தது. ஊர் கூடி ஓடைக் குழு ஒன்று அமைத்தது, தலைவி பிச்சையம்மாள். அவரவர் கரைத் தண்ணீரை அவரவரே பாட்டிலில் மொண்டு, பெயர் எழுதித் தர வேண்டும். மதுரைக்கு அனுப்பிச் சோதித்து, எவர் கரையில் கெட்டிருக்கிறதோ அவர் மோட்டாரை ஓடையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அடுத்தவர் கரையில் இறங்கி மொண்டால் சண்டை வரும் என்பதால் இந்த ஏற்பாடு.

செல்லப்பாண்டி திராட்சையில் நோய் விழாமலிருக்க, செம்பு கலந்த நீலத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பவர். அடித்த கையோடு டிரம்மை ஓடையில் கழுவுவார். அவர் கரையில் மீனுக்கு நிற்கும் கொக்குக்கு முட்டிவரை நீலம் ஏறியிருந்தது. கேரளாவிலிருந்து வந்த இருவர் புது ஜாதிப் பறவை என்று போட்டோ எடுத்துப் போனார்கள். அந்தத் தண்ணீரை எப்படிக் கொடுப்பது? தேனியில் வாங்கிய கேன் தண்ணீரை ஊற்றி, ஓடைத் தண்ணீர் மாதிரி இருக்கட்டுமே என்று ஒரு வேப்பிலையும் போட்டுக் கொடுத்துவிட்டார்.

முடிவு வந்தது. பத்துப் பேர் பாட்டில் சுத்தம். பொன்னுராஜ் பாட்டில் மட்டும் குடிக்க லாயக்கில்லை, செம்புச் சத்து அதிகம். அவன் தோட்டம் செல்லப்பாண்டி தோட்டத்துக்கு அடுத்து, கீழே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் போட்டு மோட்டாரை எடுப்பதாக ஏற்பாடு. மோட்டார் போனால் அவனுடைய ஒன்றரை ஏக்கர் வெங்காயம் ஒரு வாரம் தாங்காது.

பொன்னுராஜ் சண்டைக்கு வந்திருந்தால் செல்லப்பாண்டி நிம்மதியாகத் திட்டியிருப்பார். அவனோ யோசனை கேட்டு வந்தான். ஓடையில் கால் நனைப்பதையே விட்டுவிட்டானாம். எருமையைக்கூடக் குளம்பு கழுவி, துண்டால் துடைத்து, அப்புறம்தான் கரை தாண்ட விடுகிறானாம்.

“ஓங்க கரையத் தாண்டித்தானண்ணே எங்கிட்ட வருது,” என்றான். “அங்கன கண்ணாடியா இருக்குற தண்ணி இங்கன வர்றதுக்குள்ள எப்படிண்ணே கெட்டுப்போகுது? எங்கிட்ட என்ன கொற?”

வெயில் காரணமாக இருக்கலாம் என்றார் செல்லப்பாண்டி. அதையும் நம்பி, ஓடைக்குப் பந்தல் போட மூங்கில் தேடிப் போய்விட்டான். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த நடை.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பிச்சையம்மாள் மதுரைக் காகிதத்தைப் பிரித்தாள். செல்லப்பாண்டி மூன்று நாற்காலி மாறியிருந்தார்.

“எறும்புப் புத்து மேலயா ஒக்காந்திருக்கீக, கொழுந்தனாரே? ஒண்ணு நில்லுங்க, இல்ல ஒக்காருங்க.”

அவர் நின்றார்.

“எடுக்கணும்னா என் மோட்டார எடுங்க, மதினி. நான் குடுத்தது தேனிக் கேன் தண்ணி. அந்தச் செம்பு என் டிரம்முல இருந்து போனது.”

பாட்டில் கொடுத்த பதினோரு பேரில் ஒருவரான முத்துராமலிங்கம் எழுந்தார். தானும் கேன் தண்ணீர்தான் கொடுத்ததாகவும், ஆனால் அது சின்னமனூரில் வாங்கியது என்றும் சொன்னார். அடுத்தவர் கொடுத்தது மழைத் தண்ணீர். இன்னொருவர் மார்க்கையன்கோட்டைத் தங்கச்சி வீட்டுக் குழாயில் பிடித்து பைக்கில் கொண்டுவந்திருந்தார். ஒருவர் கடையில் வாங்கிய பாட்டிலின் மூடியைக்கூடத் திருகவில்லை, பெயரை மட்டும் ஒட்டியிருந்தார். வரிசை முடியும்போது பத்துப் பேர் தலையும் குனிந்திருந்தது.

“அப்ப ஓடைத் தண்ணிய யாருதான் குடுத்தீக?” என்றான் பொன்னுராஜ்.

பத்துப் பேரும் அவனைப் பார்த்தார்கள்.

பிச்சையம்மாள் காகிதத்தை நாலாக மடித்தாள். “கேன் கம்பெனிக்காரனுக்கு நல்ல பேரு வாங்கிக் குடுத்திருக்கோம்,” என்றாள்.

யார் மோட்டாரும் இப்போதைக்கு எடுப்பதில்லை என்றானது. டிரம் கழுவ ஓடையை விட்டு விலகி ஆளுக்கொரு குழி வெட்ட வேண்டும். ஒரு மாதம் கழித்து மறு சோதனை. பதினோரு கரையிலும் இறங்கிப் பொன்னுராஜ் ஒருவனே மொள்ளுவான்.

செல்லப்பாண்டி முதல் ஆளாகக் குழி வெட்டினார். ஆனால் நடை நின்றபாடில்லை. தினமும் விடிந்ததும் ஓடைக்குப் போய்க் கொக்கின் காலைப் பார்த்தார். இருபத்தேழாம் நாள் நீலம் முட்டியிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. பொன்னுராஜ் பாட்டிலோடு வருவதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.