குடத்தில் மிச்சமிருந்த தண்ணீர்

அன்று காலை பால்வீட்டில் இருந்தவர்கள் நால்வர்: வீட்டுத் தலைவர் கமுஹண்டா, அவருடைய தங்கை கபருங்கி, மூத்த மகன் கட்டுரீபே, மாடு மேய்க்கும் பஷைஜா. மணப்பெண் கெமிரெம்பே உள்வீட்டில் முக்காட்டுக்குள் இருந்தாள். அவள் எதையும் பார்க்கவில்லை.

காஸோ என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டுவிட்டார்கள். வந்து இறங்கியதும் பெண்வீட்டு மாட்டின் பாலை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். மழை பொய்த்த ஆண்டு. கன்றுகளைக் கட்டிப்போட்டுக் கறந்தும் பெரிய மரக்குடத்தில் பத்துக் குடுக்கைதான் சேர்ந்தது. பந்திக்குக் காணாதோ என்று பயந்து, கட்டுரீபே ஒரு குடுக்கை தண்ணீரை அதில் ஊற்றிவிட்டான். அவன் ம்பராரா ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவன்.

கபருங்கி பார்த்துவிட்டாள். பாலில் தண்ணீர் சேர்ப்பது அவர்கள் குலத்தில் பெரிய அசிங்கம். அவள் போட்ட சத்தத்தில் அவன் பதறி, குடத்திலிருந்து ஒரு குடுக்கை மொண்டு நாய்த் தொட்டியில் கொட்டினான். அந்த நேரத்தில்தான் கமுஹண்டா உள்ளே வந்தார்.

போட்டது ஒன்று, எடுத்தது ஒன்று, பழைய கணக்குக்கே வந்துவிட்டது என்று மகன் சொன்னான். கமுஹண்டா முகத்தைச் சுளித்தார். குடத்தின் விளிம்பில் நீலம் பாரித்து நின்ற நுரையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். இரண்டையும் ஒரே முகத்தோடுதான் பார்த்தார்.

"நீ வெளிய எடுத்தது தண்ணியாடா, வெள்ளையா இருந்துச்சா?"

"வெள்ளையாத்தான் இருந்துச்சு."

"அப்ப நீ ஊத்தின தண்ணி எங்க?"

கட்டுரீபே குடத்துக்குள் பார்த்தான். எடுத்ததில் பெரும்பங்கு பால். ஊற்றிய தண்ணீரில் பதினொன்றில் ஒரு பங்குதான் அதோடு போயிருந்தது. மீதிப் பத்துப் பங்கும் குடத்துக்குள்ளேயே கிடந்தது. அது அவனுக்குத் தெரியாத கணக்கில்லை.

ஆனாலும் விடவில்லை. சித்தப்பா தொழுவத்திலிருந்து நல்ல பால் வாங்கி வரலாம் என்றான். இரண்டு குடுக்கை எடுத்து இரண்டு குடுக்கை ஊற்றினால் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு கழியும். திரும்பச் செய்தால் மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. செய்யச் செய்ய, நாக்குக்கே தெரியாத அளவுக்கு இறங்கிவிடும்.

"கொஞ்சம் அசிங்கம், ரொம்பக் கொஞ்சம் அசிங்கம்னு சம்பந்திக்கு அளந்து குடுக்கப் போறியா?" என்றார் கமுஹண்டா. "எத்தன தடவ மாத்தினா ஒண்ணுமில்லாமப் போகும்? அதச் சொல்லு."

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதையே அவன் அப்பாவுக்கும் சொன்னான்.

"எத்தன தடவ செஞ்சாலும் போகாதுப்பா. ஐஞ்சுல நாலு பங்கு மிஞ்சிக்கிட்டே இருக்கும். பூஜ்யம் வரணும்னா பூஜ்யத்தாலதான் பெருக்கணும். குடத்தக் காலி பண்ணணும்."

"பண்ணு."

"அண்ணே, பால மண்ணுல கொட்டக் கூடாது," என்றாள் கபருங்கி.

மண்ணில் கொட்டச் சொல்லவில்லை, கன்றுகளைக் குடத்துப் பாலுக்கு அவிழ்த்துவிடு என்று பஷைஜாவிடம் சொன்னார். பசித்த கன்றுகள் முட்டி மோதிக் குடித்தன. கட்டுரீபே கிட்ட வந்தபோது கமுஹண்டா மூக்கைத் திருப்பிக்கொண்டார்.

வேறு பால் கொண்டுவருவதற்குள் சம்பந்திகள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கெமிரெம்பேயின் சடங்குக்கென்று தனியே வைத்திருந்த ஒரு குடுக்கை பால்தான் மிச்சம். சம்பந்திகள் ஆளுக்கு ஒரு வாய் குடித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் ருகம்பா காலிக் குடுக்கைக்குள் எட்டிப் பார்த்தார். பெண்ணை அழைத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த சந்தைக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. கமுஹண்டாவின் மாடுகள் வற்றிவிட்டனவாம். இருந்த பாலையும் கஞ்சத்தனத்தால் ஒளித்துவைத்தாராம். புகுந்த வீட்டில் கெமிரெம்பேயை ஒருவாய்ப் பால்காரி என்று ஏளனம் செய்கிறார்கள் என்றும் சேதி வந்தது. கட்டுரீபேக்கு உள்ளூர நிம்மதி. கஞ்சன் என்ற பேரோடு போகட்டும், தண்ணீர்க் கதை வெளியே வந்தால் குடும்பமே நாறும் என்றான்.

கமுஹண்டா காறித் துப்பிவிட்டுச் சந்தைக்குப் போனார். மாடு விற்கும் இடத்தில், பத்துப் பேர் நடுவில் ருகம்பா நின்றிருந்தார்.

"சம்பந்தி, எம் மாடு வத்தல. நான் எதையும் ஒளிச்சும் வைக்கல. பத்துக் குடுக்கை பால் இருந்துச்சு. எம் மகன் அதுல தண்ணி ஊத்தினான். கன்னுக்கு விட்டுட்டேன்."