தொளதொளா

முடி வெட்டுகிறவர்கள் கஸ்டமரின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எதிரே இருக்கிற கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசுவோம். அவர்களும் கண்ணாடியிடம்தான் பதில் சொல்வார்கள். பார்லரில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாயிற்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை எனக்கு எதிரில் நானே நிற்கிறேன். வேறு எந்த உத்தியோகத்திலாவது இப்படி ஒரு தண்டனை உண்டா, சொல்லுங்கள்.

ஒரு கையில் ட்ரையர், இன்னொரு கையில் உருட்டு பிரஷ். முடியை வேரோடு தூக்கிக் காய வைக்கும்போது இரண்டு கையும் தோளுக்கு மேலே போய்விடும். அப்போது என் மேல்கைக்குக் கீழே தொங்குகிற தோல் ஆடும். கை நின்ற பிறகும் அது நிற்காது, தன்பாட்டுக்கு இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் அடங்கும். கஸ்டமரின் பார்வை என் கண்ணிலிருந்து மெல்ல இறங்கி அங்கே போகும். அவர் பார்த்ததை நானும் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்துவிடுவார். நாகரிகமானவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன்.

அது கொழுப்பு இல்லை. கொழுப்பெல்லாம் எப்போதோ போய்விட்டது. ஒரு காலத்தில் நான் நூற்றுப் பதினைந்து கிலோ. வயிற்றில் தங்கியது இரண்டு முறை கலைந்த பிறகு டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல எடையைக் குறைங்கம்மா. அப்புறம் குழந்தையைப் பத்திப் பேசலாம்." நானும் விட்டேனா பார் என்று கிளம்பினேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, நடையாய் நடந்து, இரண்டு வருடத்தில் ஐம்பது கிலோவை இறக்கினேன். அதற்கப்புறம்தான் வாண்டு வந்தாள். அவள் பிறந்த பிறகும் எடை ஏறவில்லை, நான் ஏற விடவில்லை. ஆனால் தோல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. ஆள் இளைத்த விஷயத்தை அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

வயிற்றுத் தோலை மடித்து இறுக்கமான உள்ளாடைக்குள் தள்ளிவிடலாம். வெயில் காலத்தில் மடிப்புக்குள்ளே வெந்து சிவந்துபோகும். துடைத்துப் பவுடர் போட்டுச் சமாளித்துக்கொள்வேன். அது எனக்கும் குளியலறைக்கும் மட்டும் தெரிந்த கதை. கையை என்ன செய்வது? முழுக்கை போட்டுப் பார்த்தேன். ஷாம்பு போட்டால் நனைகிறது, டை போட்டால் கறையாகிறது, ட்ரையர் சூட்டில் உள்ளே வேகிறது. கடைசியில் அரைக்கைக்கே திரும்பினேன்.

இந்த உலகத்தில் அந்தத் தோலை ஆசையாகப் பார்த்த ஒரே ஜீவன் வாண்டு. பால் குடிக்கும் வயதிலேயே ஒரு கை என் மேல்கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாலை மறந்தாள், இதை மறக்கவில்லை. படுத்ததும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தத் தோலைப் பிடித்து மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பாள். அப்படியே கண் சொருகும். ஒரு நாள் அவள் அப்பா, பெரிதாகப் போய்விட்ட அவளுடைய கவுனைப் பார்த்து, "என்ன இது, தொளதொளன்னு இருக்கு" என்றார். அந்த வார்த்தையை அவள் கொண்டுபோய் என் கைக்கு வைத்துவிட்டாள். பல் தேய்த்து முடித்ததும் உத்தரவு வரும்: "தொளதொளா குடு." அதுவும் இடது கைதான் வேண்டும். வலது கைக்கு அவளிடம் அவ்வளவு மவுசு இல்லை.

நான் என்னவோ இதில் உருகிப்போனேன் என்று நினைக்காதீர்கள். அரிக்கும், வேர்க்கும். நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்த கை, அதைக் கொஞ்ச நேரம் சும்மா போடலாம் என்றால் இவள் விட மாட்டாள். "விடுடி, அம்மாவுக்கு வேலை கிடக்கு" என்பதுதான் என் தாலாட்டு. அவள் மூச்சு சீராக வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கையை உருவிக்கொண்டு எழுந்துவிடுவேன். பாத்திரம் காத்திருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. கல்லூரிப் பெண் ஒருத்தி, நான் முடி காய வைக்கும்போது கண்ணாடியில் தன்னைத் தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அது தினமும் நடக்கிறதுதான். அதை அவள் போட்டிருக்கிறாள், பத்து ஊர் பார்த்திருக்கிறது. நகம் பூசுகிற பெண்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். எங்களுக்குள் அவள் பெயர் நகக்காரி.

"அக்கா, கோச்சுக்காதீங்க. வேற யாராவது காட்டுறதுக்கு முன்னாடி நானே காட்டிடுறேன்."

அந்தப் பெண்ணின் முடி பளபளவென்று இருந்தது. என் வேலை அது, நன்றாகவே செய்திருந்தேன். அவளுக்குப் பின்னால் தலை வெட்டுப்பட்டு, கழுத்துக்குக் கீழே மட்டும் நான். கை மேலே, தோல் கீழே. அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: "அந்த அக்காவுக்கு ட்ரையர் எதுக்கு? கையே விசிறுதே." அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு.

நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான், நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். அப்புறம் டவல் வைக்கிற அறைக்குப் போய், மடித்து வைத்திருந்த டவல்களையெல்லாம் பிரித்து மறுபடி மடித்தேன்.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். பார்லர் அவருடையது. கெட்டவர் இல்லை. "தப்பா நினைக்காத. கொஞ்ச நாளைக்குப் பின்னாடி ஷாம்பு பேசினைப் பாத்துக்கோ. இது அடங்கட்டும்" என்றார். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நான் வேலைக்குச் சேர்ந்தது அந்த பேசினில்தான். அங்கிருந்து முன் நாற்காலிக்கு வர எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. திரும்பிப் போக ஒரு கமெண்ட் போதுமாக இருந்தது. அன்றைக்கு எத்தனை தலை கழுவினேனோ, அத்தனை தலையிலும் என் ஆத்திரத்தைத் தேய்த்தேன். ஒருத்தர் மசாஜ் அருமை என்றார்.

அந்த வாரமே பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்காலம் வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கையைச் சரி பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

"கைக்கு என்ன?"

இதுதான் என் வீட்டுக்காரர். வீட்டுச் சுவர் இடிந்து விழுந்தாலும் காற்று நன்றாக வருகிறதே என்பார். தோலை வெட்டி எடுத்துத் தைப்பார்கள், ஸ்கூட்டருக்குச் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு காலுறைகளை ஜோடி சேர்த்தார்.

"உனக்கு வேணும்னா செய். வாண்டுகிட்ட சொல்லிட்டியா?"

"நாலு வயசுக்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா? கை என்னோடதுதானே?"

"உன்னோடதுதான்." அடுத்த காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே, "இல்ல, அவ தூங்கணுமேன்னு கேட்டேன்" என்றார்.

"அதெல்லாம் பழகிக்குவா."

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வாண்டு வழக்கம்போல வந்து படுத்தாள். வழக்கம்போல இடது கையைக் கொடுத்தேன். விடிகாலையில் கிளம்ப வேண்டும், பை இன்னும் எடுத்து வைக்கவில்லை, மனம் முழுக்க அதிலேதான் இருந்தது. அவள் கண் மூடினாள், ஆனால் விரல் இன்னும் உருட்டிக்கொண்டிருந்தது. பொறுமையில்லாமல் கையை உருவினேன். தூக்கத்திலேயே, "இன்னும் கொஞ்சம்மா" என்றாள்.

"நாளைக்கு" என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நாளைக்கு அது இருக்காது என்று தெரிந்தேதான் சொன்னேன். பையில் சீப்பு வைத்தேனா, செருப்பு வைத்தேனா என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு கையிலும் அக்குளிலிருந்து முழங்கை வரை, உள்பக்கமாக நீளத் தையல். அதன்மேல் இறுக்கமான துணி உறையை மாட்டி, ஒன்றரை மாதம் கழற்றவே கூடாது, கனம் தூக்கக் கூடாது, குழந்தை இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதனால் வாண்டு அப்பாவோடு முன்னறையில் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு நான் உள்ளே. முதல் சில நாள் அழுகைச் சத்தம் கேட்டது. அவர் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்.

"இந்தாடா, அப்பா கை இருக்கு."

"அது கல்லு."

"காது? காது மெத்துன்னு இருக்கும் பாரு."

"அதுல முடி இருக்கு."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் சிரித்தேன். சிரித்தால் தையல் இழுத்தது. சில நாளில் அழுகை நின்றது. பார்த்தீர்களா, பழகிவிட்டாள் என்று அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மேடம் சொன்ன சொல் தவறாமல் என்னை முன் நாற்காலிக்குக் கூப்பிட்டுக்கொண்டார். கை தூக்கினேன், ஒன்றும் ஆடவில்லை. பழைய கஸ்டமர்கள் கண்ணாடியில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "என்ன, புது ஹேர்கட்டா? ஏதோ மாறியிருக்கே" என்றார்கள். அந்த வீடியோ யாருக்கும் ஞாபகம் இல்லை. அதைவிடக் கூத்து, அதைப் போட்ட பெண்ணே ஒரு நாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, "உங்களை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேக்கா" என்றாள். சிரித்துக்கொண்டே அவள் தலையில் தண்ணீர் தெளித்தேன். என் அவமானம் என்று நான் தூக்கிச் சுமந்ததை, அவமானப்படுத்தியவர்களே இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எனக்குத்தான் தகவல் வரவில்லை.

இனி வாண்டு விஷயம். இது பார்லருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் நடந்தது. அன்றுதான் உறையைக் கழற்றினார்கள். டாக்டர் தையல்மேல் விரலை ஓட்டிப் பார்த்து, தானே செய்த பொருளைப் பார்க்கிற மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தார். "போகப் போக மங்கிடும். அடுத்து வயிறு பண்ணிடலாமா?" என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மதியம். வாண்டு நர்சரியிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்திருந்தாள்.

"வாடி, இன்னைக்கு அம்மாகிட்ட படு."

தலையணையை இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் பழைய பக்கமே படுத்து, பழைய மாதிரியே இடது கையை நீட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவில்லை. கை வந்தது. மேலே தேடியது, கீழே தேடியது. கரண்டு போன வீட்டில் சுவிட்சைத் தேடுகிற மாதிரி தடவியது. தையல் மேட்டில் இடித்ததும் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"தொளதொளா எங்கம்மா?"

"டாக்டர் எடுத்துட்டாரு."

"ஏன்?"

"ஆடிக்கிட்டே இருந்துச்சில்ல, அதான்."

"ஆடுனா என்ன?"

நாள் முழுக்க ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாய் ஓயாமல் பதில் சொல்கிறவள் நான். இதற்கு அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட மட்டும்தான் தெரிந்தது.

"எப்போ திருப்பித் தருவாரு?"

"தர மாட்டாருடா கண்ணு."

"நீ கேட்டியா?"

"கேக்கல."

அழுவாள் என்று காத்திருந்தேன். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன், ஐஸ்கிரீம் வாங்கித் தந்திருப்பேன், தாயும் மகளும் சேர்ந்து ஒரு மூச்சு அழுதாவது தீர்த்திருப்போம். அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து உட்கார்ந்து, அந்த இறுக்கு உள்ளாடையைக் கீழே இறக்கி, சட்டையைத் தூக்கினேன். ஜன்னல் திறந்திருக்கிறது, பட்டப்பகல். கட்டிய புருஷனுக்குக்கூட வெளிச்சத்தில் காட்டாத வயிறு. மடிப்பு மடிப்பாக மடியில் வந்து விழுந்தது.

"இங்க பாரு, இதுவும் தொளதொளாதான். எவ்வளவு பெருசு பாரு. இதைப் பிடிச்சுக்கோ."

இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். பிடிக்காத பலகாரத்தை யார் வீட்டிலாவது கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டு வைப்பாளே, அப்படி. என் மனம் நோகக் கூடாது என்று ஒரு தடவை உருட்டியும் பார்த்தாள்.

"இது இல்லம்மா. இது வேற."

அப்புறம் என் கைத் தையலை மெல்லத் தட்டிக்கொடுத்தாள். "பரவால்லம்மா" என்றாள்.

எனக்கு வருத்தமாக இருக்கிறது, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் செய்ததற்காக இல்லை. என் கை, நான் பட்ட பாடு, இன்னொரு தடவை அந்த பேசினுக்கு அனுப்பினாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அவளுக்காக இளைத்த உடம்பில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அந்த ஒரு ராத்திரி, அவளாக விரலை விடுகிற வரைக்கும் நான் அசையாமல் படுத்திருந்திருக்கலாம். பை தன்னால் நிரம்பியிருக்கும்.

வாண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தலையணை உறையின் முனையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்ட ஆரம்பித்தாள். அதில் நல்ல பழக்கம் வந்திருந்தது, அந்த முனை ஏற்கெனவே நைந்துபோயிருந்தது. சீக்கிரமே தூங்கிவிட்டாள். உருவிக்கொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை. சிங்க்கில் பாத்திரம் கிடந்தது, எழுந்து போகலாம், யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்தன. அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன்.